காட்சியும் திணையும்: ஐஸ்லாந்துப் பயண எழுத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

பயண இலக்கியம் தமிழ்த் திறனாய்வில் போதிய இடம் பெறாத ஒரு வகைமை. ஏ. கே. செட்டியார், சோமலெ முதலியோரின் நூல்கள் விரும்பிப் படிக்கப்பட்டன; எனினும் அவற்றை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் எது என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. நடையின் எளிமை, செய்தியின் புதுமை, வருணனையின் அழகு என்னும் மூன்றைக் கொண்டே பயண நூல்கள் பாராட்டப்பட்டு வருகின்றன. இம்மூன்றும் நிறைந்திருந்தும் ஒரு நூல், தான் சென்ற நாட்டை அறியாமலே திரும்பியிருக்கக் கூடும். அதனை எவ்வாறு கண்டறிவது என்பதே இக்கட்டுரையின் சிக்கல்.

இவ்வினாவை ஆராய ஐஸ்லாந்து பற்றிய பயண எழுத்துகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வட அட்லாண்டிக் பெருங்கடலில் 1,03,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் அமைந்த இத்தீவு நாட்டில் இன்று ஏறத்தாழ 4 இலட்சம் மக்களே வாழ்கின்றனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் தலைநகர் ரெய்க்யவிக்கிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ளனர். நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு பனியாறுகளால் மூடப்பட்டது. எரிமலை, வெந்நீரூற்று, அருவி, கருமணற் கடற்கரை எனக் காட்சிகள் மிகுந்த நாடு இது. மக்கள் குறைவாகவும் காட்சி மிகுதியாகவும் உள்ள நிலத்தில் பயணியின் கண் எதைப் பற்றுகிறது, எதை விடுகிறது என்பது தெளிவாகப் புலப்படும்.

அணுகுமுறை

தமிழகத்திற்கு வெளியே, பிற மொழி இலக்கியங்களோடு ஒப்பிட்டுத் தமிழ் கற்பிக்கும் சூழலில், 'திணை' என்னும் சொல் பல வேளைகளில் 'இயற்கைக் காட்சி' என்னும் பொருளில் சுருங்கிவிடுகிறது. ஏ. கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூல் திணையை அகத்தின் நிலப்பரப்பாக உலகிற்கு அறிமுகப்படுத்தியது. பின்வந்தோரில் சிலர் அகத்தை விட்டு நிலப்பரப்பை மட்டும் பற்றிக்கொண்டனர். ஆனால் தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்து, பாடலுள் பயிலுங்கால் இம்மூன்றும் முறையே ஒன்றினும் ஒன்று சிறந்தவை என்று கூறுகிறது. நிலம் தொடக்கம், ஒழுக்கமே முடிபு.

இங்கு ஒரு வரையறை தேவை. ஐஸ்லாந்தின் நிலத்தைக் குறிஞ்சி என்றோ நெய்தல் என்றோ பெயரிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது வலிந்து பொருத்துவதாகும். அகப்பாடலுக்குரிய புணர்தல், பிரிதல் முதலியவற்றைப் பயண நூலில் தேடுவதும் பொருந்தாது. நிலம், அந்நிலத்தின் வாழ்பொருள்கள், மாந்தர் ஒழுக்கம் என்னும் மூன்றின் இணைப்பும், அவற்றின் ஏறுமுகமான சிறப்பும் மட்டுமே இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

கதைத்தலும் மறுத்தலும்

ஐரோப்பியர் ஐஸ்லாந்தைப் பற்றி எழுதியவற்றுள் பழையவை பல, அந்நாட்டைக் காணாதவர்களால் எழுதப்பட்டவை. எக்லா எரிமலையின் வாய் நரகத்தின் வாயில் என்ற நம்பிக்கை நூல்வழி பரவியது. 16ஆம் நூற்றாண்டில் கோரீஸ் பீர்சே என்பவர் செருமானிய மொழியில் இயற்றிய செய்யுள் ஒன்று அம்மக்களை இழிவாகச் சித்திரித்தது. இத்தகைய எழுத்துகளை மறுத்து ஆர்ன்கிரிமூர் யோன்சன் என்னும் ஐஸ்லாந்து அறிஞர் 1593இல் இலத்தீன் மொழியில் ஒரு சிறு விளக்கநூல் வெளியிட்டார். அயலார் கூற்றுகளை எடுத்து நிறுத்தி அவற்றின் பிழைகளைக் காட்டிச் செல்லும் முறையில் அமைந்தது அந்நூல்.

தம் மொழியை அயலார் படிக்கமாட்டார் என்பதால் அயலாரின் கல்விமொழியிலேயே மறுப்பு எழுதப்பட்டது என்பது கருதத்தக்கது. எழுதப்பட்ட நாடு எழுதியவனுக்கு விடை கூறும் செயல் இது. பயண இலக்கியத் திறனாய்வின் தொடக்கமாகவே இந்நூலைக் கொள்ளலாம். காட்சியைப் பற்றிய பொய்யைவிட மக்களின் ஒழுக்கத்தைப் பற்றிய பொய்யே ஆர்ன்கிரிமூரை மிகுதியும் வருத்தியது. நிலத்தைத் தவறாக எழுதியவன் நிலத்தோடு நிற்பதில்லை; நரகவாயிலின் அருகில் வாழ்வோரும் அதற்கேற்ற மாந்தராகவே அவனுக்குத் தோன்றுவர்.

காட்சியைத் தேடிய பயணிகள்

19ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துப் பயணம் ஒரு வழக்கமாயிற்று. 1856இல் தம் படகில் சென்ற டஃப்ரின் பிரபு தம் தாய்க்கு எழுதிய கடிதங்களாக அமைத்த நூல் 1857இல் வெளிவந்தது. இவரே 1884 முதல் 1888 வரை இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக இருந்தவர். ரெய்க்யவிக் விருந்தொன்றில் இலத்தீனில் நகைச்சுவையாகப் பேசியதும், கெய்சிர் வெந்நீரூற்று பொங்குவதற்காகக் கூடாரமடித்துக் காத்திருந்ததும் அந்நூலின் சுவையான பகுதிகள். நடை கலகலப்பானது. ஆயினும் காத்திருக்கும் பயணியே அங்குத் தலைமை மாந்தர். ஊற்று அவருக்கு நிகழ்த்திக் காட்டப்பெறும் ஒரு காட்சி. அவ்வூற்றைச் சூழ்ந்த பண்ணைகளில் வாழ்ந்தோர் வழிகாட்டியாகவும் குதிரைக்காரராகவுமே வந்து போகின்றனர்.

1872ஆம் ஆண்டுக் கோடையில் கந்தகப் படிவுகளை ஆராயச் சென்ற ரிச்சர்டு பர்ட்டன் 1875இல் இரு தொகுதிகள் வெளியிட்டார். முன்னோர் ஐஸ்லாந்தை அளவிறந்து புகழ்ந்துவிட்டனர் என்பது அவர் குறை. அவர் நூலில் புள்ளிவிவரம் மிகுதி, வியப்பு குறைவு. எனினும் டஃப்ரினின் வியப்பும் பர்ட்டனின் வியப்பின்மையும் ஒரே இடத்திலிருந்து எழுகின்றன. நிலம் தம்மை மகிழ்வித்ததா, இல்லையா என்பதே இருவருக்கும் அளவுகோல். முதற்பொருளைப் பாராட்டுவதும் பழிப்பதும் முதற்பொருளோடு நிற்பதே ஆகும்.

பழங்கதையின் நிலம்: வில்லியம் மோரிஸ்

இவர்களிலிருந்து வேறுபடுபவர் வில்லியம் மோரிஸ். எய்ரிகூர் மாக்னூசன் என்னும் ஐஸ்லாந்து அறிஞரோடு இணைந்து 'சாகா' எனப்படும் பழைய உரைநடைக் கதைகளை மொழிபெயர்த்தபின், 1871இலும் 1873இலும் அந்நாட்டிற்குச் சென்றார். அவருடைய நாட்குறிப்புகள் அவர் மறைவிற்குப் பின்னரே, 1911இல் அச்சேறின.

மோரிஸின் கண் நிலத்தின் வழியே ஒழுக்கத்தைத் தேடியது. இன்ன மேட்டில் இன்னான் வீழ்ந்தான், இன்ன பண்ணையில் இன்னாள் காத்திருந்தாள் என்று கதைமாந்தரின் செயலோடு பொருத்தியே ஒவ்வோரிடத்தையும் அவர் காண்கிறார். கெய்சிரைக் காண வரும் ஆங்கிலப் பயணிகள் கதைமாந்தரின் பெயரைக்கூடக் கேட்டறியாதவர் என்று அவர் சலித்துக்கொள்வது இதனால்தான். ஐஸ்லாந்து மரபும் இதற்கு இடந்தருவதே. அங்குக் குடியேறியோரைப் பட்டியலிடும் 'லாண்டுநாமபோக்' என்னும் பழநூல் மூவாயிரத்திற்கு மேற்பட்ட மாந்தரையும் ஏறத்தாழ 1,400 இடங்களையும் குறிக்கிறது. இடப்பெயர் தோறும் ஒரு செயல் தங்கியிருக்கும் நாடு அது.

ஆயினும் மோரிஸின் நாட்குறிப்பில் ஓர் இடைவெளி உண்டு. அவர் கண்ட உரிப்பொருள் பெரிதும் பழங்காலத்தது. கதைமாந்தர் உயிரோடு நடமாடும் அந்நிலத்தில் உயிரோடிருந்த உழவர் மங்கலாகவே தெரிகின்றனர். இக்குறையை நாட்குறிப்பைவிட அவர் வாழ்வே ஈடுசெய்தது. கொடிய வறுமையும்கூட வகுப்பு ஏற்றத்தாழ்வைப் போலத் தீயதன்று என்னும் பாடத்தை ஐஸ்லாந்தில் கற்றதாகப் பின்னாளில் அவர் கூறினார். 1882இல் அந்நாட்டில் பஞ்சம் நேர்ந்தபோது நிவாரணக் குழுவில் பணியாற்றினார். காட்சியைத் தேடியவர் எவரும் அடையாத அறிவு இது.

காட்சியை மறுத்த பயணிகள்

1936ஆம் ஆண்டுக் கோடையில் ஐஸ்லாந்து சென்ற டபிள்யூ. எச். ஆடனும் லூயி மெக்னீசும் 1937இல் வெளியிட்ட நூல் பயண நூலின் இலக்கணத்தையே கலைத்தது. பைரனுக்கு எழுதிய செய்யுட் கடிதம், நண்பர்க்கு உரைநடைக் கடிதம், ஒளிப்படம், பயணிகளுக்கான குறிப்பு எனப் பலவும் அதில் கலந்துள்ளன. ஓர் இயல் முழுவதும் முன்வந்த அயலாரின் கூற்றுகளைத் தொகுத்துத் தருகிறது. பல கூற்றுகள் அடுத்தடுத்து வைக்கப்பட்ட அளவிலேயே நகைப்பிற்கிடமாகின்றன. ஆர்ன்கிரிமூர் செய்ததை வேறொரு முறையில் அயலாரே செய்தது போன்றது இது.

அந்நூல் இயற்கை வருணனையில் கருமியாக நடந்துகொள்கிறது. அருவியைவிட, திமிங்கில ஆலையில் ஒரு திமிங்கிலம் அறுபடும் காட்சியே படிப்பவர் நெஞ்சில் நிற்கிறது. அதே கோடையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. தொலைதூரத் தீவிற்குச் சென்றும் ஐரோப்பாவின் நெருக்கடியிலிருந்து தப்ப இயலவில்லை என்ற உணர்வு நூல் முழுவதும் ஓடுகிறது. ஒழுக்கமே முடிபு என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர். ஆனால் அவர்கள் எழுதிய ஒழுக்கம் பெரும்பாலும் தங்களுடையது, ஐரோப்பியருடையது. தீவு அவர்களுக்குத் தொலைவைத் தந்த ஒரு மேடு எனலாம்.

உள்ளிருந்து எழுதியோர்

அயலாரின் நூல்களோடு அந்நாட்டாரின் எழுத்தை ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவாகிறது. எகெர்ட் ஓலாப்சனும் பியார்னி பால்சனும் 1752 முதல் 1757 வரை தம் நாடு முழுவதும் சுற்றி ஆய்ந்து எழுதிய நூல் 1772இல் வெளிவந்தது. மலையும் ஊற்றும் அதில் உண்டு. அவற்றோடு உணவு, நோய், தொழில், உடை, வீடு என மாவட்டந்தோறும் வாழ்பொருள்கள் விரிவாகப் பதிவாகியுள்ளன. கருப்பொருளின் களஞ்சியம் என்று அதனைக் கூறலாம்.

உரிப்பொருளின் உச்சம் யோன் ஸ்டெயின்கிரிம்சனின் எழுத்தில் உள்ளது. 1783ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்து, 1784 பிப்ரவரி வரை எரிந்தது. நச்சுக்காற்றும் சாம்பலும் புல்லைக் கெடுத்தன. கால்நடைகளுள் பெரும்பகுதி மடிந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் நாட்டு மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தனர். எரிகுழம்பு நெருங்கிவந்த பகுதியில் சமயகுருவாக இருந்த ஸ்டெயின்கிரிம்சன், 1783 சூலை 20ஆம் நாள் திருச்சபையில் மக்களைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அன்று குழம்பு நின்றது என்பதால் அது 'நெருப்பு வழிபாடு' என இன்றும் வழங்கப்படுகிறது. 1788இல் அவர் எழுதி முடித்த குறிப்பில் எரிமலை ஒரு காட்சியாக ஓரிடத்திலும் நிற்பதில்லை. எந்தப் பண்ணை அழிந்தது, விலங்குகளின் எலும்பு எவ்வாறு புடைத்தது, மக்கள் எதைத் தின்றனர் என்று வரிசையாகச் செல்கிறது எழுத்து. நெருப்பின் அழகைப் பாட வந்த பயணிகள் பலர். அந்நெருப்பில் ஊரை இழந்தவர் அழகைப் பாடவில்லை.

புனைகதையில் இதே முரணை ஹால்டோர் லாக்ஸ்னஸ் எடுத்தாண்டார். 1955இல் நோபல் பரிசு பெற்ற இவருடைய 'தற்சார்புடைய மக்கள்' (1934-35) என்னும் நாவலில், பியார்தூர் என்னும் எளிய ஆட்டுப்பண்ணையாளன், 'குளிர்கால வீடு' எனப் பெயர்பெற்ற சபிக்கப்பட்ட நிலத்தை வாங்கிக் 'கோடை வீடு' என்று பெயர் மாற்றுகிறான். பெயரை மாற்றலாம், குளிரை மாற்ற இயலாது. அந்நாவலில் நிலக்கிழாரின் மனைவி ஒரு கவிஞர். நாட்டுப்புறக் குடிசை வாழ்வின் இனிமையை அவர் ஓயாது புகழ்கிறார். குடிசையில் அவர் வாழ்ந்ததில்லை. காட்சியாளரின் கண் அயலாருக்கு மட்டும் உரியதன்று, உழைப்பிலிருந்து விலகி நிற்கும் எவர்க்கும் உரியது என்பதை இப்பாத்திரப் படைப்பு காட்டுகிறது. அகம், புறம் என்னும் எல்லை நாட்டெல்லையோடு பொருந்துவதில்லை என்பதே இதனால் பெறப்படும் கருத்து.

வெறுமையின் வரலாறு

ஐஸ்லாந்தைப் பற்றிய எழுத்துகளில் மிகுதியும் பயிலும் சொற்கள் 'தீண்டப்படாத', 'ஆதி', 'மனிதக் கை படாத' என்பவை. இவை உண்மைக்குப் புறம்பானவை. 12ஆம் நூற்றாண்டில் ஆரி தொர்கில்சன் எழுதிய வரலாற்று நூல், குடியேற்றக் காலத்தில் மலைக்கும் கடற்கரைக்கும் இடையே காடு இருந்தது என்று கூறுகிறது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறியோர் எரிபொருளுக்கும் கரிக்கும் மேய்ச்சலுக்கும் பிர்ச் மரக் காடுகளை அழித்தனர். ஆடுகள் மேய்ந்த சரிவுகளில் எரிமலைச் சாம்பல் மண் காற்றில் பறந்தது. இன்று காட்டுப் பரப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. பயணி ஆதி நிலம் எனக் கண்டு நெகிழும் கருவெளியின் பெரும்பகுதி ஓராயிரமாண்டு மாந்தர் வாழ்வின் விளைவு.

இவ்விடத்தில் பாலை பற்றிய தமிழ்ச் சிந்தனை பெரிதும் துணைசெய்கிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவு கொள்ளும் என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை கூறுகிறது. வெறுமை என்பது தொடக்கநிலை அன்று, திரிந்த நிலை. வெறுமையைக் கண்டவுடன் 'இது எதிலிருந்து திரிந்தது' என்று வினவுவதற்குப் பாலை பயிற்றுகிறது. ஐஸ்லாந்தில் அவ்வினாவை எழுப்பிய பயண நூல்கள் அரியவை.

நாட்டின் நடுவிலுள்ள உயர்நிலமும் இத்தகையதே. மனிதர் வாழாத வெளியாக அது எழுதப்படுகிறது. ஆனால் கோடையில் ஆடுகள் அங்கு விடப்பட்டு, செப்டம்பரில் ஊரார் கூடிக் குதிரையேறித் திரட்டிக் கொணர்வர். எந்த மேய்ச்சல் வெளி எவ்வூரார்க்குப் பொது என்பது பழைய சட்டங்களாலும் வழக்கத்தாலும் வரையறுக்கப்பட்டுள்ளது. குடியிருப்பு இல்லாத இடம் உரிமையாளர் இல்லாத இடமன்று. பொதுநிலத்தை வெறுநிலம் என்று எழுதுவது, அந்நிலத்தைப் பிறர் எடுத்துக்கொள்ள இசைவு தருவதாகவே முடியும். கிழக்கு உயர்நிலத்தில் அலுமினிய ஆலைக்காக எழுப்பப்பட்ட காரன்யூக்கர் அணையை ஒட்டி நிகழ்ந்த விவாதத்தில் வெறுநிலம் என்னும் எண்ணம் என்ன செய்யும் என்பது வெளிப்பட்டது. அந்திரி ஸ்னைர் மாக்னசன் 2006இல் வெளியிட்ட 'கனவு நாடு' என்னும் நூல் அவ்விவாதத்தின் முதன்மையான எழுத்து.

தரங்கம்பாடி கண்ட ஐஸ்லாந்தியர்

பார்க்கப்படும் நாட்டவரே பார்ப்பவராக மாறிய ஒரு நிகழ்வு தமிழ் ஆய்வாளரின் தனிக்கவனத்திற்குரியது. ஐஸ்லாந்தின் மேலைக் கடற்கழிப் பகுதியில் 1593இல் பிறந்த யோன் ஓலாப்சன் டென்மார்க் மன்னரின் படையில் பீரங்கி வீரராகச் சேர்ந்தார். 1622இல் கப்பலேறித் தரங்கம்பாடியை அடைந்தார். தஞ்சை நாயக்க மன்னரோடு 1620இல் செய்த உடன்படிக்கையின்படி டேனியர் அங்கு டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பியிருந்தனர். வெடிமருந்து விபத்தில் காயமுற்று நாடு திரும்பிய அவர், 1661இல், முதுமையில், தம் வாழ்க்கையை எழுதினார். 'இந்தியப் பயணி' என்ற அடைமொழியோடே இன்றும் அவர் குறிக்கப்படுகிறார்.

அவர் நூலிலும் அக்கால ஐரோப்பியக் கிறித்தவச் சார்புகள் உண்டு. ஆயினும் அவர் கடற்கரையின் எழிலைப் பாடுவதில் காலம் கழிக்கவில்லை. கோட்டை வாழ்க்கை, ஊராரின் வழிபாடு, பழக்கவழக்கம் ஆகியவையே அவர் நினைவில் தங்கின. படைவீரராகக் கூலிக்கு உழைத்தவர், உழைப்போர் நடுவே வாழ்ந்தவர் என்பது இதற்குக் காரணமாகலாம். பயணியின் நிலை பயணியின் கண்ணை வகுக்கிறது. இந்நூல் மூலமொழியிலிருந்து நேரே தமிழாக்கப்பட வேண்டியது இன்றியமையாத பணி.

இன்றைய பயணம்

1974இல் தீவைச் சுற்றிய நெடுஞ்சாலை முழுமையடைந்தபின் குதிரைப் பயணம் வாகனப் பயணமாயிற்று. 2010இல் ஏறத்தாழ 5 இலட்சமாக இருந்த அயல்நாட்டுப் பயணிகள் 2018இல் 23 இலட்சத்தைத் தொட்டனர். 2015இல் வெளியான ஒரு பாடகரின் காணொளியைக் கண்டு மக்கள் திரண்டமையால், தெற்கே பியாத்ரா ஆறு குடைந்த குறுகிய பள்ளத்தாக்கில் பாசி மிதிபட்டழிந்தது. 2019இல் அது தற்காலிகமாக மூடப்பட்டது. காட்சி எழுத்தின் பயன் நிலத்தின் மீதே இறங்கிய நிகழ்வு இது. இயற்கை விந்தையாகக் கொண்டாடப்பெறும் நீல நீர்நிலை, சுவார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் வெளியேற்றும் நீரால் ஆனது என்பதும் பயணக் குறிப்புகளில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அதன் அருகிலுள்ள கிரிந்தாவிக் மீனவ நகரத்தார் 2023 நவம்பர் 10ஆம் நாள் இரவில் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது; 2024 சனவரியில் எரிகுழம்பு வீடுகளை எரித்தது. உலகம் கண்ட ஒளிப்படங்களில் நெருப்பு இருந்தது. சாவியைக் கையில் வைத்திருந்தும் வீடு திரும்ப இயலாதோர் அரிதாகவே இருந்தனர்.

2014இல் பனியாறு என்னும் தகுதியை இழந்த ஓக் மலையில் 2019 ஆகஸ்டில் ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அதன் வாசகத்தை எழுதியவரும் அந்திரி ஸ்னைர் மாக்னசனே. அது வருங்கால மக்களை நோக்கி எழுதப்பட்டது. முதற்பொருளின் அழிவை மாந்தர் ஒழுக்கத்தோடு பிணைத்த எழுத்து என்ற வகையில், சில வரிகளேயான அப்பலகையைப் பல பயணத் தொகுதிகளுக்கு மேலாக மதிக்கலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. ஐஸ்லாந்தைப் பற்றிய அயலார் எழுத்துகளுள் பல முதற்பொருளோடு நின்றுவிடுகின்றன. நிலத்தைப் புகழ்ந்தாலும் பழித்தாலும் அந்நிலை மாறுவதில்லை. மோரிஸ் பழையோரின் ஒழுக்கத்தையும் ஆடன் தம்மவர் ஒழுக்கத்தையும் கண்டனர். நிகழ்கால ஐஸ்லாந்தியரின் ஒழுக்கம் இருவர் நூலிலும் முழுமை பெறவில்லை. அந்நாட்டார் எழுத்தில் நிலமும் வாழ்பொருளும் ஒழுக்கமும் ஒருங்கே நிற்கின்றன. 'தீண்டப்படாத இயற்கை' என்பது நிலத்தின் பண்பு அன்று. அது எழுத்தின் விடுபாடு.

திணை என்பது இயற்கை வருணனை என்றால், ஐஸ்லாந்துக் காட்சி நூல்கள் அனைத்தும் திணை இலக்கியமாகிவிடும். அவ்வாறு ஆகாமையே திணையின் பொருள் வேறென்பதற்குச் சான்று. தமிழிலும் இன்று அயல்நாட்டுப் பயண நூல்கள் பெருகிவருகின்றன. அவற்றை மதிப்பிடுவோர் வருணனை அழகாக உள்ளதா என்பதோடு நில்லாமல், அந்நிலத்தில் உழைப்போர் யாவர், அந்நிலம் எதிலிருந்து இந்நிலைக்குத் திரிந்தது, அங்கு வாழ்வோர் இந்நூலைப் படித்தால் தம்மை அதில் காண்பரா என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். 1593இல் ஆர்ன்கிரிமூர் எழுப்பியது இவற்றுள் மூன்றாவது வினாவே.